ஜூலை பன்னிரண்டின் மழை

பப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பியர் ஊற்றுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. கறுப்பு பியரை முக்கால் கிளாஸ் ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, மிச்சத்தை ஊற்ற வேண்டும் என்பது இரண்டு கிழமையில் கைக்குப் பழகிவிடும். பீப்பாய் மாற்றுவதும் அப்படித்தான். நான் சொல்ல வந்தது பப் வாசலில் சாய்த்து வைத்திருக்கும் கரும்பலகையைப் பற்றி. லண்டனில், கிங்ஸ்பரியில் ஓர் ஐரிஷ் பப்பை இருபத்திரண்டு வருடம் நடத்தினேன். அவ்வளவு காலத்திலும் என்னை உண்மையாக வியர்க்க வைத்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

"எங்கட ஆக்கள் பப் நடத்தலாமோ அக்கா?" என்று உங்களில் ஒரு தங்கை போன மாதம் என்னைக் கேட்டாள். நான் சைவக்காரி. வெள்ளிக்கிழமையில் மச்சம், மாமிசம் தொடமாட்டேன். விற்ற பியரில் ஒரு சொட்டையும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒன்பது வருடம் ஹோட்டல் சமையலறையில் நின்று, பிறகு லண்டனுக்கு வந்து அந்தப் பப்பில் கிளாஸ் கழுவத் தொடங்கியவள், அங்கேயே மனேஜர் ஆனேன். கோயிலில் என்னைக் காணும் சனம் "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்காமல் கவனமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகும். கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

எனக்கு முன் மனேஜராக இருந்தவர் ஓர் ஐரிஷ்காரர். வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது அவர் என் கையில் தந்தது ஒரு தடித்த கொப்பி. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். அந்த நாளில் அயர்லாந்தில் என்ன நடந்தது என்று அவரே பல வருடமாகச் சேர்த்து எழுதியது. தினமும் காலையில் அதைப் பார்த்து, "இன்று அயர்லாந்தில்" என்று தலைப்புப் போட்டு, வாசல் பலகையில் ஒரு வரி எழுத வேண்டும். அவர் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று: "எழுதின பிறகு தெருவைக் கடந்து போய், அந்தப் பக்கம் நிண்டு வாசிச்சுப் பார்." அவர் பேசியது ஆங்கிலம்தான். ஐரிஷ்காரர் பேசினால் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். ஆகவே அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தியை நான் முதல் வருடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொப்பியில் இருப்பதை அப்படியே எழுதுவதற்குத் தெருவைக் கடப்பானேன் என்று நினைத்தேன். ஏப்ரல் முதலாம் தேதி வந்தது. கொப்பியைத் திறந்தேன், முட்டாள்கள் தினம் என்று இருந்தது. பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்தேன். நடந்தது என்னவென்றால், அந்த வருடம் ஈஸ்டர் திங்கள் அதே நாளில் வந்திருந்தது. 1916இல் டப்ளினில் கிளர்ச்சி தொடங்கியது ஓர் ஈஸ்டர் திங்களில். அதில் செத்தவர்களை அவர்கள் ஈஸ்டரோடு சேர்த்துத்தான் நினைப்பார்கள். கொப்பியிலோ அது ஏப்ரல் இருபத்து நான்காம் பக்கத்தில் இருந்தது. நான் இருபத்து நான்கு வரட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

தினமும் பதினொரு மணிக்கு வரும் மார்ட்டின் அன்றும் வந்தார். மேயோ மாவட்டத்துக்காரர், கத்தோலிக்கர், லண்டனில் பாதிக் கட்டடங்களுக்கு அத்திவாரம் வெட்டியவர். பலகையை வாசித்தார். கழற்றிய தொப்பியைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நாளை மாத்திப்போட்டன் மார்ட்டின். எங்கட ஆக்களும் செத்தவைக்குத் திவசம் தேதி பாத்துச் செய்யிறேல்லை, திதி பாத்துத்தான் செய்யிறவை. அது தெரிஞ்சிருந்தும் எனக்கு ஓடேல்லை."

திதி என்றால் என்ன என்று கேட்டார். நிலவைச் சொல்லி, வளர்பிறை தேய்பிறையைச் சொல்லி விளக்கினேன். ஈஸ்டரையும் நிலவைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்று அவர் சொன்னார். இருவருக்கும் வியப்பு. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் கிட்டினால், "லோகா, இந்த முறை திதி எப்ப?" என்று கேட்பார்.

அதே மாதம் பத்தாம் தேதி இன்னொரு கூத்து. 1998இல் அந்த நாளில்தான் வட அயர்லாந்தில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. பெரிய வெள்ளி உடன்படிக்கை என்பார்கள். நம்மவருக்கு எந்த நாள் வந்தாலும் வாழ்த்துச் சொல்லாவிட்டால் கை அரிக்கும் அல்லவா? நான் எழுதினேன்: "ஹாப்பி குட் ஃப்ரைடே." இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாளுக்கு வாழ்த்து! அதுவும் அன்றைக்கு வெள்ளிக்கிழமையே இல்லை. கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் பலகைக்கு முன் நின்றார். அவர் சாம். வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பக்கத்துப் புரட்டஸ்தாந்துக்காரர், மார்ட்டினோடு ஒரே கட்டட வேலையில் நின்றவர்.

"அழிக்காதை," என்றார். "என்ர வாழ்க்கையில சந்தோசமான பெரிய வெள்ளி அது ஒண்டுதான்."

மார்ட்டினும் சாமும் ஜன்னலோர மேசையில் தினமும் சீட்டாடுவார்கள். ஒருவர் சீட்டை மற்றவர் எட்டிப் பார்ப்பார், இருவரும் அதை மறுப்பார்கள். மார்ட்டினின் ஒரே மகள் நோரா. சாமின் மகன் டேவிட். சின்ன வயதில் இருந்தே அப்பாமாரைக் கூட்டிப் போக வந்து வந்து, அந்த மேசைக்குப் பக்கத்திலேயே இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள். அப்பாமாருக்கு அது தெரிய ஆறு மாதம் எடுத்தது. எனக்கு ஒரு கிழமை போதுமாக இருந்தது.

கல்யாணத்துக்கு நாள் பார்த்தார்கள். ரெஜிஸ்ட்ரி ஒஃபிஸில் அந்தக் கோடைகாலத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. எழுத்தை, அதாவது கல்யாணப் பதிவை, அன்றைக்கு வைத்துவிட்டு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு என் பப்பைப் பதிவு செய்தார்கள். லண்டனில் பிறந்த பிள்ளைகள். தேதியைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை. அது ஜூலை பன்னிரண்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1690இல் பொய்ன் என்ற ஆற்றங்கரையில் ஒரு சிம்மாசனத்துக்காக இரண்டு ராசாக்கள் மோதினார்கள். புரட்டஸ்தாந்து ராசா வென்றார், கத்தோலிக்க ராசா தோற்று, தன் படைக்கு முன்பே களத்தை விட்டு ஓடினார். ஒவ்வொரு ஜூலை பன்னிரண்டும் வட அயர்லாந்துப் புரட்டஸ்தாந்துக்காரர் மேளம் அடித்து, அணிவகுத்து அதைக் கொண்டாடுவார்கள். அந்த மேளச் சத்தத்துக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த கத்தோலிக்கரும் உண்டு. இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த நாள் ஒருவருக்குத் திருவிழா, மற்றவருக்குக் காய்ச்சல்.

கொப்பியில் அந்தப் பக்கத்தில் பொய்ன் சண்டை என்று இருந்தது. ஆனால் அதற்கு மேல் பழைய மனேஜர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பலகையில் மழை என்று எழுதவும்." அவர் அப்படித்தான் எழுதிவந்தார். நானும் ஒவ்வொரு ஜூலை பன்னிரண்டும், வெயில் மண்டையைப் பிளந்தாலும், "இன்று அயர்லாந்தில்: மழை" என்று எழுதி வந்தேன். யாரையும் நோகடிக்காத கெட்டித்தனம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நோரா வந்தாள். முகம் செத்துப்போய் இருந்தது.

"அன்ரி, அப்பாவின்ர அண்ணை மேயோவில இருந்து வாறார். அவர் முந்தி வட அயர்லாந்தில வேலை செய்து கன கஷ்டப்பட்டவர். பலகையில பொய்ன் எண்டு கண்டால் உள்ளுக்கு வரமாட்டன் எண்டு இப்பவே சொல்லிப்போட்டார். டேவிட்டின்ர மாமி ரூத்தும் வாறா, சாமின்ர அக்கா. தாய் செத்தாப் பிறகு சாமை வளர்த்ததே அவதான். தான் மேளத்துக்குப் போற நாளை நாங்கள் வேணுமெண்டு தன்னை அவமானப்படுத்தத்தான் எடுத்தனாங்கள் எண்டு நினைக்கிறா."

"நீ யோசியாதை பிள்ளை. வழக்கம்போல மழை எண்டு எழுதிவிடுறன்."

"அதுதான் அன்ரி கேக்க வந்தனான். அவ எழும்பிப் போனால் சாம் பின்னால போவார். பெரியப்பா போனால் அப்பா போவார். பேந்து நானும் டேவிட்டும் கேக்கும்தான் மிஞ்சுவம்."

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. நான் அவளைப் பத்து வயதில் இருந்து அறிவேன். அந்த ஒரு மதியம் அவளுக்கு நல்லபடியாக நடந்துவிட வேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு "மழை" என்று எழுதி முடித்து, கையில் வெண்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். வானம் நீலமாக இருந்தது. சாம் கோட்டுச் சூட்டுடன், கோட்டில் பூவுடன் வந்தார். ரெஜிஸ்ட்ரிக்குப் போக முன் ஒரு தேநீர் குடிக்க வந்தவர். பலகையைப் பார்த்தார்.

"இந்த வருசமும் மழையோ லோகா?"

"ஓம் சாம். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லைத்தானே."

"நாப்பது வருசமா இந்தப் பப்புக்கு வாறன்," என்றார். "ஈஸ்டர் கிளர்ச்சியை எழுதுறியள், மார்ட்டினோட நானும் நிண்டு தொப்பியைக் கழற்றுறன். என்ர அக்கா என்னைத் தோளில தூக்கிக்கொண்டு மேளம் பாக்கப் போன நாள் இது. இங்க மட்டும் அது எனக்கு ஒவ்வொரு வருசமும் மழை. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் இண்டைக்கு அவ வாறா."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோபமாகப் போகவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

அப்போதுதான் பழைய மனேஜரின் புத்தி ஞாபகம் வந்தது. தெருவைக் கடந்து போய், பஸ் தரிப்பிடத்தில் நின்று பலகையைப் பார்த்தேன். ரூத்தின் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். பளிச்சென்ற வெயிலில் மழை. வேறு எல்லா நாளும் ஏதோ நடந்திருக்கிறது, அவருடைய நாளில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நான் இத்தனை வருடமும் யாருடைய பக்கமும் சாயவில்லை என்று நினைத்திருந்தேன். நன்றாகத்தான் சாய்ந்திருக்கிறேன். அந்த இடத்தில் நிற்கும்போதே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திரும்ப வந்து "மழை"யை அழித்தேன். இப்போது பலகை வெறுமை. பொய்ன் என்று எழுதினால் மார்ட்டினின் அண்ணன் வெளியே. எழுதாவிட்டால் ரூத் வெளியே. பலகையைத் தூக்கி உள்ளே வைத்தால் ஏன் வைத்தேன் என்று இருவருக்கும் விளங்கும், இருவருக்கும் கோபம் வரும். மணி பத்தரை. ஒரு மணிக்கு வந்துவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. குட்மேய்ஸில் இருக்கும் என் அக்கா.

"லோகா, ஆடிப்பிறப்பு புதனோ வியாழனோ?"

"அக்கா, நான் இஞ்ச சாகிறன். பேந்து எடுக்கிறன்."

"ஒரு நிமிசம் நில். இஞ்சத்தைக் கோயில் கலண்டரில புதன். நீ தந்த கடைக் கலண்டரில வியாழன். நான் எண்டைக்குக் கூழ் காய்ச்சிறது?"

"அது வாக்கியம், இது திருக்கணிதம் அக்கா. ரெண்டு பஞ்சாங்கம். கணக்கு வேற வேற."

"அப்ப எது சரி?"

"ரெண்டும் சரி. நீங்கள் காய்ச்சுங்கோ, நான் ரெண்டு நாளும் வந்து குடிக்கிறன்."

ஃபோனை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. கொப்பியை இழுத்து எடுத்தேன். ஜூலை பன்னிரண்டாம் பக்கம். பொய்ன் சண்டை என்பதற்குக் கீழே, பென்சிலில், மிகச் சின்னதாக ஒரு குறிப்பு இருந்தது. பல வருடமாகக் கண்ணில் பட்டும் நான் கவனிக்காதது: "பழைய நாள்காட்டியில் ஜூலை 1."

சமையலறைக்குள் ஓடினேன். எங்கள் சமையல்காரர் ஜெயந்தன், சுவிஸில் இருந்து வந்தவர், உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டு நின்றார்.

"ஜெயந்தன், கையைத் துடைச்சுப்போட்டு உம்மட ரெலிபோனில ஒண்டு பாரும். இங்கிலாந்தில பஞ்சாங்கம் மாத்தினவையோ?"

"அக்கா, கிழங்கு ஆறப்போகுது."

"கிழங்கு கிடக்கட்டும்!"

பார்த்தார். மாற்றித்தான் இருக்கிறார்கள். சண்டை நடந்த காலத்தில் இங்கே பழைய நாள்காட்டி. ஐரோப்பாவில் பல இடங்களில் புதியது. இரண்டுக்கும் அப்போது பத்து நாள் வித்தியாசம். பிற்காலத்தில் இங்கேயும் புதியதுக்கு மாறியபோது வித்தியாசம் பதினொன்றாகியிருந்தது. அந்தப் பதினொன்றைக் கூட்டித்தான் ஜூலை பன்னிரண்டு வந்திருக்கிறது. ஆனால் சண்டை நடந்த காலத்துக் கணக்கில் ஒன்றோடு பத்தைக் கூட்டினால்?

"பதினொண்டு," என்றார் ஜெயந்தன். "அப்ப அது நேற்றெல்லோ அக்கா!"

கிழங்கு மசித்த கையோடு நின்றவரைக் கட்டிப்பிடிக்காத குறை. மூன்று நூற்றாண்டுச் சண்டை, எங்கள் கூழ்ப் பானைக்குள் கிடந்த அதே கணக்கு. நான் வாசலுக்குப் போய், அழகான எழுத்தில் எழுதினேன்.

"பொய்ன் சண்டை, 1690: சரியான பஞ்சாங்கப்படி நேற்றோடு முடிந்தது. இன்று அயர்லாந்தில், கிங்ஸ்பரி கிளை: நோராவுக்கும் டேவிட்டுக்கும் கல்யாணம்."

பஞ்சாங்கம் என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதினேன். பிறகு தெருவைக் கடந்து போய், பஸ் தரிப்பிடத்தில் நின்று வாசித்தேன். முதலில் ரூத்தாக வாசித்தேன். அடுத்து மார்ட்டினின் அண்ணனாக. கடைசியாக நோராவாக. அழிக்கவில்லை.

ஒரு மணிக்குக் கார்கள் வந்தன. முதலில் இறங்கியவர் ரூத். எண்பது வயது தாண்டிய மெலிந்த உருவம், நீலத் தொப்பி, கையில் பொல்லு. பலகைக்கு முன் நின்றார். அவர் பின்னால், அடுத்த காரில் வந்த மார்ட்டினின் அண்ணன், பெரிய உடம்புக்காரர், அவரும் நின்றார். அவர்கள் பின்னால் முழுக் கல்யாண வீடும் நின்றது. நோரா வெள்ளைக் கல்யாணச் சட்டையில், டேவிட்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் உலர்ந்த கையையே திரும்பத் திரும்பத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அப்போது பதினாறு வருட அனுபவம்.

"ஆர் இதை எழுதினது?" ரூத்.

"நான்தான்."

"இந்தச் சொல்லு என்ன?"

பஞ்சாங்கத்தை விளக்கினேன். எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பஞ்சாங்கத்தையும் சொன்னேன். அக்காவின் கூழையும் விடவில்லை.

"அப்ப எழுவது வருசமா நான் பிழையான நாளிலயோ மேளத்துக்குப் பின்னால நடந்தனான்?"

"பிழை எண்டில்லை. ஒரே ஒரு நாள் பிந்தி."

மார்ட்டினின் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பிந்தினாலும் நீங்கள் வந்தியள்தானே," என்றார் ரூத்திடம். "எங்கட ராசா அண்டைக்கு நேரத்தோடயே வெளிக்கிட்டிட்டார்."

ரூத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். அவர் சிரித்தார். பொல்லை ஊன்றிக்கொண்டு, தொப்பி சரிய, வாய்விட்டுச் சிரித்தார். மார்ட்டினின் அண்ணன் கையை நீட்டினார். ரூத் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே வந்தார். சாப்பாடு முடியும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, எந்த நாள்காட்டி நம்பத்தக்கது என்று சண்டை பிடித்தார்கள். கேக் வெட்டும்போது கூடச் சண்டையை நிறுத்தச் சொல்லி நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நோரா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன்.

சாமைச் சொல்ல மறந்துவிட்டேன். எல்லோரும் உள்ளே வந்த பிறகும் அவரைக் காணவில்லை. ஜன்னலால் பார்த்தேன். வெயிலில் தனியே பலகைக்கு முன் நின்றுகொண்டிருந்தார். வாசித்தார், திரும்ப வாசித்தார். கீழே கிடந்த வெண்கட்டியைக் குனிந்து எடுத்தார். கட்டட வேலை செய்த கை, எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. என் வரிகளுக்குக் கீழே அவர் எழுதியது: "மழை இல்லை."

நான் ஓய்வு பெற்ற அன்று அந்தக் கொப்பியை உங்கள் மனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். ஜூலை பன்னிரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையை நான் வெட்டியிருப்பதைக் காண்பீர்கள். அந்த நாளுக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக யோசித்து எழுதுங்கள். எழுதிவிட்டுத் தெருவைக் கடந்து போய் வாசியுங்கள். ரூத் இப்போதும் அந்த நாளில் நோராவின் பிள்ளையைப் பார்க்க வருகிறார், பலகையையும் பார்ப்பார். உண்மையாகவே மழை பெய்தால் மட்டும் மழை என்று எழுதுங்கள்.